திரையின் அசைவுமொழி

நுழையும்முன்

கைப்பேசித் திரையில் ஒரு பொத்தானைத் தொட்டால் பட்டியல் விரிகிறது. பெட்டி ஒன்று எழுந்து, வேலை முடிந்ததும் மறைகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழும் இவ்வசைவுகளை எவரும் நின்று கவனிப்பதில்லை. ஆயினும், அவை ஒவ்வொன்றின் காலத்தையும் வேகத்தையும் யாரோ ஒருவர் அளந்து அமைத்திருக்கிறார். அவ்வளவு பிழைபடும்போது சிலருக்குக் குழப்பமும் சிலருக்குத் தலைச்சுற்றலும் நேர்கின்றன. சிலருக்குத் திரையே பயன்படாமல் போகிறது. இணையப் பக்கங்களின் அசைவு எவ்வாறு உருவாகிறது, அது யாருக்கு என்ன சொல்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வண்டியும் திரையும்

சென்னைக் கடற்கரையிலிருந்து ஆவடிக்குச் செல்லும் புறநகர் மின்தொடர்வண்டி அம்பத்தூரில் நின்று புறப்படுகிறது. புறப்பட்ட கணத்திலேயே அது முழு வேகத்தை எட்டிவிடுவதில்லை. முதலில் மெல்ல ஊர்ந்து, பின்னர் விரைந்து, திருமுல்லைவாயில் நெருங்கும்போது வேகம் தணிந்து நிற்கிறது. எடையுள்ள எப்பொருளும் இப்படித்தான் நகரும். வண்டியின் வேகம் தணியத் தொடங்கியதுமே இறங்க வேண்டியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாயிற்பக்கம் வருகிறார். எவரும் நிலையத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை; வேகத்தின் மாற்றமே அவருக்குச் செய்தியாகிவிடுகிறது.

திரையில் தோன்றும் பொருளுக்கு எடை கிடையாது. ஒரு பெட்டி இந்தக் கணத்தில் இடப்பக்கத்திலும் அடுத்த கணத்தில் வலப்பக்கத்திலும் இருக்கலாம். இடைப்பட்ட வழியைக் கடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை. தொடக்ககாலக் கணினித் திரைகள் பெரும்பாலும் அவ்வாறே இயங்கின. பொருள்கள் திடீரெனத் தோன்றின, திடீரென மறைந்தன. எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்பதைப் பயன்படுத்துவோரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எடையில்லாத உருவத்திற்கு எடை இருப்பதுபோல் காட்டும் கலையைக் கருத்துப்பட ஓவியர்கள் முன்பே அறிந்திருந்தனர். வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் மூத்த ஓவியர்களான ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் ஆகிய இருவரும் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அசைவூட்டத்தின் பன்னிரண்டு நெறிகளைத் தொகுத்துரைத்தனர். மெல்லத் தொடங்கி மெல்ல முடிதல் என்பது அவற்றுள் ஒன்று. 1993இல் பே-வெய் சாங், டேவிட் அங்கர் ஆகிய கணினி அறிஞர்கள் இந்நெறிகளைப் பயனர் இடைமுகத்திற்குக் கொண்டுவரலாம் என்று ஆய்வுரை ஒன்றில் எடுத்துக்காட்டினர். மனிதரும் கணினியும் சந்திக்கும் இடமாகிய திரை, பொத்தான், பட்டியல் முதலியவற்றின் தொகுப்பையே பயனர் இடைமுகம் என்கிறோம்.

கண் தவறவிடும் மாற்றம்

அசைவு வெறும் அழகுக்காகச் சேர்க்கப்படுவது என்று கருதுவோர் உண்டு. கண்ணின் இயல்பை அறிந்தவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள். 1997ஆம் ஆண்டு ரொனால்டு ரென்சிங்க், கெவின் ஓ'ரீகன், ஜேம்ஸ் கிளார்க் ஆகிய மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏறத்தாழ ஒன்றுபோலிருக்கும் இரு படங்கள் மாறிமாறிக் காட்டப்பட்டன. இரண்டிற்கும் இடையே ஒரு கணம் வெற்றுத்திரை தோன்றியது. ஒரு படத்தில் இருந்த பெரிய பொருள் மற்றொன்றில் இல்லாதபோதும், பார்த்தவர்கள் அதனை உடனே கண்டுபிடிக்கவில்லை; படங்கள் பலமுறை மாறிய பிறகே கண்டனர். மாற்றம் நிகழும்போது எழும் அசைவுதான் கண்ணை அவ்விடத்திற்கு ஈர்க்கிறது. அவ்வசைவை வெற்றுத்திரை மறைத்துவிட்டால், மாற்றம் கண்முன்னே இருந்தும் தெரிவதில்லை. இதனை 'மாற்றக் குருடு' எனலாம்.

இதன் விளைவு அன்றாட வாழ்விலும் உண்டு. நடைமேடையில் நிற்கும் ஒருவர் கைப்பேசி வழியே கட்டணம் செலுத்துகிறார். பொத்தானைத் தொட்டபின் திரையில் எதுவும் அசையவில்லை. தொட்டது பதிவாகவில்லை என்று எண்ணி மீண்டும் தொடுகிறார். முறையாக எழுதப்படாத நிரலாக இருந்தால் பணம் இருமுறை கழிந்துவிடும். தொட்டவுடன் பொத்தான் சற்றே அமிழ்ந்து, அதன்மேல் ஒரு சிறு வட்டம் சுழலத் தொடங்கியிருந்தால், "உங்கள் கட்டளை வந்து சேர்ந்தது, சற்றுப் பொறுங்கள்" என்று திரை அவருக்குச் சொல்லியிருக்கும். இரண்டாம் முறை வரும் கட்டளையைத் தடுப்பது நிரலின் வேலை. இரண்டாம் முறை தொடும் எண்ணமே எழாமல் தடுப்பது அசைவின் வேலை.

உதிரிபாகங்களின் ஊர்

சென்னையின் மேற்குப் புறநகர் நெடுங்காலமாக உதிரிபாகங்களின் நிலமாக இருந்துவருகிறது. அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை தோன்றியது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. அதன் பட்டறைகள் பலவற்றில் முழு வண்டியோ முழு இயந்திரமோ உருவாவதில்லை. ஒரு பட்டறை திருகாணி செய்யும். மற்றொன்று பற்சக்கரம் கடையும். வேறொன்று வார்ப்படம் வார்க்கும். அளவு துல்லியமாக இருந்தால் போதும். எங்கோ ஓரிடத்தில் பூட்டப்படும் வண்டியில் அப்பாகம் பிசகின்றிப் பொருந்தும். ஒவ்வொரு வண்டிக்கும் திருகாணியைப் புதிதாக வடிவமைக்க வேண்டிய தேவை இல்லை.

மென்பொருள் உலகிலும் இதே முறை உண்டு. 1995இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி இணையப் பக்கங்களுக்கு இயக்கம் தந்தது. முதலில் ஒவ்வொரு தளத்தாரும் தமக்கு வேண்டிய பொத்தானையும் பட்டியலையும் தாமே எழுதிக்கொண்டனர். ஒரே வேலையை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் செய்தனர். ஆயிரம் விதமான பிழைகளும் உடன் பிறந்தன. 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகொரி என்னும் நிரல் நூலகம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. ஒரு பொருளை மெல்லத் தோன்றச் செய்வதும், மடித்து விரிப்பதும் ஒற்றைச் சொல்லில் முடிந்தன. பொத்தான், நாட்காட்டி, கீழ்விரி பட்டியல், அட்டவணை, உரையாடல் பெட்டி ஆகியவற்றை ஆயத்தப் பாகங்களாகத் தரும் தொகுப்புகளும் பெருகின. இத்தகைய தொகுப்பே கூறு நூலகம் எனப்படுகிறது.

இக்கூறுகளைச் செய்யும் தொழிலிலும் மேற்குச் சென்னைக்குப் பங்குண்டு. 2001இல் தொடங்கப்பெற்ற சிங்க்ஃப்யூஷன் என்னும் நிறுவனத்தின் தலைமையகம் அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ளது. அது அம்பத்தூருக்கு அண்மையிலுள்ள அண்ணா நகரில் அலுவலகம் அமைத்து வளர்ந்தது. 'எசென்ஷியல் ஜேஎஸ் 2' என்பது அதன் ஜாவாஸ்கிரிப்ட் கூறு நூலகம். பயன்படுத்துவதற்கு உரிமம் வேண்டும் என்றாலும், அதன் மூலநிரல் கிட்ஹப் தளத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஒரு கூறு உள்ளே எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய விரும்பும் மாணவர் அதனைத் திறந்து படிக்கலாம். பட்டறைக்குள் நுழைந்து கடைசல் எந்திரத்தின் அருகே நின்று பார்ப்பதற்கு இது நிகரானது.

ஒரு மாத்திரை எவ்வளவு?

இந்நூலகத்தில் ஓர் அசைவை அமைப்பதற்கு நான்கு செய்திகளைச் சொன்னால் போதும். அசைவின் பெயர், அது நீடிக்கும் காலம், வேகம் மாறும் முறை, தொடங்கும்முன் காத்திருக்கும் நேரம் என்பன அவை. எதனையும் சொல்லாவிட்டால், நூலகம் தானே சில மதிப்புகளை எடுத்துக்கொள்ளும். பொருள் மெல்லத் தெளிந்து தோன்றும், 400 மில்லிவிநாடி நீடிக்கும், சற்று மெல்லத் தொடங்கி விரைந்து மெல்ல அடங்கும், காத்திருப்பு இராது. ஜேகொரி நூலகமும் இதே 400 மில்லிவிநாடியைத்தான் இயல்பான காலமாகக் கொண்டிருந்தது. விரைவானது எனக் குறித்தால் 200, மெதுவானது எனக் குறித்தால் 600 என அது கணக்கிட்டது.

இவ்வளவு நுண்ணிய காலத்தை அளப்பது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் மாத்திரை என்னும் கால அளவை, இயல்பான கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் கொண்டு வரையறுக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது கணக்கு. 'கல்' என்பதன் உயிரை ஒரு மாத்திரை நீட்டினால் 'கால்' ஆகிவிடுகிறது, பொருளே மாறிவிடுகிறது. திரையின் அசைவுக்கும் இது பொருந்தும். பொத்தானைத் தொட்டதற்கான மறுமொழி 100 மில்லிவிநாடிக்குள் வந்தால், அது தம் விரலின் செயலே என்று மனிதர் உணர்கின்றனர். ஒரு விநாடி வரை எண்ணவோட்டம் அறுபடுவதில்லை. பத்து விநாடியைத் தாண்டினால் கவனம் வேறிடம் போய்விடும். இடைமுக ஆய்வாளர் யாக்கோபு நீல்சன் 1993இல் தொகுத்துச் சொன்ன எல்லைகள் இவை.

ஆகவே, நூலகம் தரும் 400 என்னும் எண்ணை எல்லா இடத்திற்கும் அப்படியே ஏற்பது சோம்பலாகும். திரை முழுவதையும் மூடும் பெரிய பெட்டிக்கு அக்காலம் பொருந்தலாம். நாள் முழுதும் நூறு முறை திறந்து மூடப்படும் சிறு பட்டியலுக்கு அது மிகுதி. முதல் நாள் அழகாகத் தெரியும் அசைவு, பத்தாம் நாள் வேலையைத் தாமதப்படுத்தும் சுமையாகிவிடும். பயண முன்பதிவு அலுவலகத்திலோ மருந்துக்கடைக் கணினியிலோ அமர்ந்து பணியாற்றுவோரிடம் கேட்டால் இதன் உண்மை விளங்கும்.

வேகம் மாறும் முறையிலும் பொருள் உண்டு. புதிதாகத் திரைக்குள் வரும் பொருள் விரைந்து வந்து மெல்ல நிற்பது நன்று. நிலையத்தை அடையும் வண்டியைப் போல அது தான் வந்துசேர்ந்ததை உணர்த்தும். திரையைவிட்டு நீங்கும் பொருள் மெல்லத் தொடங்கி விரைந்து மறையலாம். புறப்படும் வண்டியை வழியனுப்பியவர் கடைசிப் பெட்டி கண்ணைவிட்டு மறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தெரியுமா?

உலாவிகள் வேகமாற்றத்தைக் கணிக்கப் பயன்படுத்தும் வளைகோட்டுக்கு 'பெஸியே வளைவு' என்று பெயர். இதன் பிறப்பிடம் மோட்டார் வாகனத் தொழில். பிரான்சின் ரெனோ நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் பியர் பெஸியே, வாகனத்தின் மேற்கூட்டு வளைவுகளை வரைவதற்காக 1960களில் இதனைப் பரவலாக்கினார். சித்ரோயன் நிறுவனத்தைச் சேர்ந்த பால் த காஸ்டெல்ஜோ 1959ஆம் ஆண்டிலேயே இதற்கான கணிப்பு முறையைக் கண்டிருந்தார்.

பந்திக் கணக்கு

பெரும்பாலான திரைகள் ஒரு விநாடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது, ஒரு சட்டகத்திற்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி. 400 மில்லிவிநாடி நீடிக்கும் அசைவில் 24 சட்டகங்கள் அடங்கும். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு ஓடும் சட்டகங்களின் எண்ணிக்கையும் அதுவே. உலாவி ஒவ்வொரு சட்டகத்தையும் உரிய நேரத்திற்குள் வரைந்து முடிக்க வேண்டும். முடிக்க இயலாவிட்டால் அந்தச் சட்டகம் விடுபட்டுப்போகும். அசைவு விக்கி விக்கி நகரும். விலை குறைந்த கைப்பேசியில் இக்குறை மிகுதியாகத் தெரியும். நிரலை எழுதுவோர் தம் மேசையிலுள்ள வலிய கணினியில் மட்டும் சோதித்துப் பார்ப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

உலாவியின் வேலை மூன்று நிலைகளில் நடைபெறுகிறது. பக்கத்தின் ஒவ்வொரு பொருளும் எவ்விடத்தில், எவ்வளவு அகலத்தில் அமைய வேண்டும் என்று கணிப்பது முதல் நிலை. நிறம், எழுத்து, நிழல் ஆகியவற்றைத் தீட்டுவது அடுத்தது. தீட்டப்பட்ட அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துத் திரைக்கு அனுப்புவது இறுதி நிலை. ஒரு பெட்டியின் அகலத்தையோ உயரத்தையோ மாற்றி அசைவூட்டினால், மூன்று வேலைகளும் ஒவ்வொரு சட்டகத்திலும் திரும்ப நிகழும்.

திருமணப் பந்தியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். நெருங்கி அமர்ந்த வரிசையின் நடுவில் ஒருவர் தம் இலையைச் சற்று அகலமாக விரித்துக்கொண்டால், அவருக்கு அப்பால் இருப்போர் அனைவரும் இலையுடன் நகர்ந்தாக வேண்டும். பரிமாறுபவரோ வாளியுடன் வரிசை நெடுக நடக்கிறார், ஒருவரும் நகர்வதில்லை. முன்னது அளவை மாற்றும் அசைவு. பின்னது இடப்பெயர்ச்சியையும் ஒளிபுகு தன்மையையும் மட்டும் மாற்றும் அசைவு. இந்த இரண்டாம் வகையைப் பெரும்பாலும் இறுதி நிலையில், வரைகலைச் செயலியின் துணையோடு, மற்றவற்றைத் தொடாமல் செய்துவிடலாம். ஆகவேதான் தேர்ந்த நூலகங்கள், கூடுமானவரை, பொருளை நகர்த்துவதையும் மங்கச் செய்வதையுமே அசைவின் அடிப்படையாகக் கொள்கின்றன.

அசைவு துன்பமாகும்போது

1997ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஜப்பானியத் தொலைக்காட்சியில் போகிமான் கருத்துப்படத் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பாயிற்று. அதில் சிவப்பும் நீலமும் மிக விரைந்து மாறிமாறிப் பளிச்சிட்ட காட்சி ஒன்று இருந்தது. அதனைக் கண்ட குழந்தைகள் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் வலிப்பு, மயக்கம், குமட்டல் போன்ற துன்பங்களுடன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரு விநாடிக்குள் மூன்று முறைக்குமேல் எதுவும் பளிச்சிடக் கூடாது என்பது இன்று இணையப் பக்கங்களுக்கான உலகளாவிய அணுகல் நெறிகளுள் ஒன்றாக உள்ளது.

பளிச்சிடாத அசைவும் சிலரை வருத்தும். உட்செவியிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் உடலின் சமநிலையை உணர்த்துகின்றன. ஓடும் பேருந்தில் புத்தகம் படிப்பவருக்குக் கண் "நிற்கிறோம்" என்கிறது. செவி "செல்கிறோம்" என்கிறது. இம்முரண்பாட்டால் குமட்டல் எழுகிறது. திரை முழுவதும் பெரிதாகிச் சிறுத்து விரையும்போது இதே முரண்பாடு தலைகீழாக நிகழ்கிறது. 2013இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசி இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் பெருந்திரை அசைவுகளைப் புகுத்தியபோது, தலைச்சுற்றல் உண்டாவதாகப் பலர் முறையிட்டனர். பின்வந்த திருத்தத்தில், அசைவைக் குறைக்கும் அமைப்பு அவ்வசைவுகளையும் கட்டுப்படுத்துமாறு விரிவாக்கப்பட்டது. 2017 முதல், பயனர் அவ்வாறு விரும்புகிறாரா என்பதை இணையப் பக்கமே கேட்டறியும் வழியும் உலாவிகளில் இடம்பெறத் தொடங்கியது.

கூறு நூலகத்தின் பெரும்பயன் இவ்விடத்தில் தெரிகிறது. நூறு பக்கங்களில் நூறு பேர் தனித்தனியே எழுதிய அசைவுகளை ஒருங்கே நிறுத்துவது அரிது. எல்லாக் கூறுகளும் ஒரே நூலகத்திலிருந்து வந்திருந்தால், பொது அமைப்பு ஒன்றின் வாயிலாக அனைத்தையும் அடக்கலாம். எசென்ஷியல் ஜேஎஸ் 2 நூலகத்திலும் எல்லாக் கூறுகளின் அசைவையும் ஒருசேர இயக்கவும் நிறுத்தவும் வழி உண்டு. ஆனால், பயனரின் விருப்பத்தைக் கேட்டறிந்து அவ்வழியைப் பயன்படுத்த வேண்டியவர் பக்கத்தை உருவாக்குபவரே.

காணாதவருக்குச் சொல்வது

மேற்குப் புறநகரின் மற்றோர் ஊரான பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசு மேல்நிலைப்பள்ளி இயங்கிவருகிறது. அவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கே உள்ளது. பார்வையற்ற மாணவர் ஒருவர் கணினியில் அமரும்போது, திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் பக்கத்திலுள்ள எழுத்துகளை ஒலியாக்கித் தருகிறது. பொத்தான் அமிழ்வதும் வட்டம் சுழல்வதும் பெட்டி வழுக்கி வருவதும் அவருக்கு இல்லை. நடைமேடையில் நின்றவருக்கு அசைவு சொன்ன "வந்து சேர்ந்தது; பொறுங்கள்" என்னும் செய்தி இவரை எட்டுவதேயில்லை.

ஆகவே, அசைவு சொல்லும் ஒவ்வொரு செய்தியையும் சொல்லாகவும் எழுதிவைக்க வேண்டியுள்ளது. பக்கத்தின் ஒரு பகுதியை 'உயிர்ப்பகுதி' என்று நிரலில் குறித்துவிட்டால், அங்கு எழுத்து மாறும்போதெல்லாம் திரைவாசிப்பான் அதனைத் தானே படித்துச் சொல்லும். "கட்டணம் செலுத்தப்படுகிறது" என்னும் இரண்டு சொற்கள் அங்கே தோன்றினால் போதும். உரையாடல் பெட்டி திறக்கும்போது விசைப்பலகையின் கவனமும் அப்பெட்டிக்குள் செல்ல வேண்டும். மூடும்போது, திறந்த பொத்தானுக்கே அது திரும்ப வேண்டும். கண்ணுள்ளவருக்கு அசைவு காட்டும் வருகையையும் திரும்புதலையும் இவருக்குக் கவனத்தின் இடமாற்றம் உணர்த்துகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையையும் தன்னுள் அடக்கியுள்ளது. இவையெல்லாம் உருவாக்குவோரின் தயவால் கிடைக்கும் சலுகைகள் ஆகா.

இதில் கண்ணுள்ளவர் எளிதில் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு பெட்டியை மெல்ல மங்கச் செய்து மறைக்கும்போது, அதன் ஒளிபுகாமை மட்டுமே சுழியமாகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. அதனுள் இருக்கும் பொத்தான்களும் இருக்கின்றன. திரைவாசிப்பான் அவற்றையும் படித்துச் சொல்லும். மூடப்பட்ட பெட்டியின் 'நீக்கு' பொத்தானை அவர் அறியாமல் அழுத்தவும் கூடும். இதனைத் தவிர்ப்பதற்காகவே நூலகங்கள், அசைவு முடிந்த கணத்தில் இயங்குமாறு ஒரு நிரலை இணைக்க இடம் தருகின்றன. பெட்டியைப் பக்கத்தின் அமைப்பிலிருந்தே விலக்கும் கட்டளையை அங்கே எழுத வேண்டும். அது ஒரே ஒரு வரி. அந்த வரி இருக்கிறதா இல்லையா என்பதைத் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. திரையை அணைத்துவிட்டு, திரைவாசிப்பானின் குரலை மட்டும் கேட்டுப் பக்கத்தைக் கடந்து பார்த்தால் தெரிந்துவிடும்.